தூதுவளைக் கீரையும் பாட்டனார் வைத்த நிதியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸ்தோத்ர ரத்னத்தின் அறுபத்தைந்து ச்லோகங்களையும் நித்யாநுஸந்தானமாகக் கொண்டவர்கள் நம்மில் பலர். அதற்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தைக் காலக்ஷேபமாகக் கேட்கும் பாக்யம் பெற்றவர்களும் உண்டு. அந்த ஸ்தோத்ரத்தை அருளிச்செய்த ஆளவந்தார், ஒரு காலத்தில் பாட்டனாரின் பெருமையையும் அவர் வைத்துப்போன செல்வத்தையும் மறந்து அரண்மனையில் ராஜபோகத்தில் இருந்தார் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆயினும் ச்லோகங்களை அநுஸந்திக்கும்போது அது நம் நினைவில் நிற்பதில்லை. ஆளவந்தாரை அங்கிருந்து திருவரங்கம் வரை அழைத்து வந்தவர் மணக்கால் நம்பி. அவர் அதை எப்படிச் செய்தார் என்பதை இங்கு அநுபவிக்கலாம்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. உபந்யாஸ கோஷ்டிகளில் இன்று பெற்றோர் பெரியோர்களிடம் அடிக்கடி விண்ணப்பிக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது. பிள்ளை மிகவும் கெட்டிக்காரன், எதைத் தொட்டாலும் விளங்குகிறது, ஆனால் எந்தத் திசையில் போவது என்று தெரியாமல் நிற்கிறான், எவ்வளவு சொன்னாலும் காதில் ஏறவில்லை என்பதே அது. நம் குருபரம்பரை இந்த வருத்தத்தை முன்பே கண்டிருக்கிறது. அதற்கு அது காட்டிய வழி, சொல்லில் தொடங்காமல் ஒரு பிடிக் கீரையில் தொடங்கியது.

முதலில் அந்தச் செல்வம் எது என்று பார்ப்போம். காட்டுமன்னார்கோயில் என்று இன்று நாம் அழைக்கும் வீரநாராயணபுரத்தில் அவதரித்தவர் ஸ்ரீமந்நாதமுனிகள். மறைந்து கிடந்த திவ்யப்ரபந்தங்களை நம்மாழ்வாரிடமிருந்து பெற்று உலகுக்கு அளித்தவர் அவரே. அவர் தம் குமாரர் ஈச்வரமுனிகளிடம், பிறக்கப்போகும் பிள்ளைக்கு யமுனைத்துறைவன் என்று திருநாமம் சாற்றும்படி நியமித்தார். வடநாட்டு யாத்திரையில் யமுனைக்கரையில் தாம் எழுந்தருளியிருந்த நாள்கள் அவர் திருவுள்ளத்தில் நிலைத்திருந்தன. அந்தப் பேரனைத் தம் கண்ணால் காண முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே தாம் பெற்ற செல்வத்தை இரண்டு சிஷ்யர்களிடம் ஒப்படைத்தார். யோக ரஹஸ்யம் குருகைக்காவலப்பனிடம் சென்றது. ப்ரபந்தங்களும் அவற்றின் அர்த்தங்களும் திருவெள்ளறையில் அவதரித்த உய்யக்கொண்டாரிடம் சேர்ந்தன. பிறக்கப்போகும் பிள்ளையிடம் இவற்றைச் சேர்ப்பிப்பது அவர்கள் கடமையாயிற்று.

உய்யக்கொண்டார் காலத்திலும் அது கைகூடவில்லை. அந்தப் பொறுப்பை அவர் தம் சிஷ்யரான மணக்கால் நம்பியிடம் விட்டு, திருநாட்டுக்கு எழுந்தருளினார். லால்குடிக்கு அருகிலுள்ள மணக்கால் என்னும் ஊரில் மாசி மகத்தில் அவதரித்த நம்பிக்கு ராமமிச்ரர் என்பது திருநாமம். அவருடைய இயல்பை ஒரே நிகழ்ச்சியில் குருபரம்பரை காட்டுகிறது. ஆசார்யரின் தேவிகள் பரமபதித்தபின், திருமடைப்பள்ளிக் கைங்கர்யம் உள்ளிட்ட வீட்டுக் காரியங்களை எல்லாம் நம்பியே ஏற்றுக்கொண்டார். ஒருநாள் ஆசார்யரின் திருக்குமாரத்திகள் நீராடித் திரும்பும் வழியில் சேறு குறுக்கிட்டது. சிறுமிகள் கால் வைக்கத் தயங்கி நின்றார்கள். நம்பி அந்தச் சேற்றில் குப்புறப் படுத்துத் தம் முதுகின்மேல் அவர்களை நடந்துபோகச் சொன்னார். இதைக் கேட்டு உகந்த ஆசார்யர், வேண்டுவது யாது என்று வினவினார். இந்தக் கைங்கர்யமே தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று விண்ணப்பித்தார் நம்பி.

இளையவர் ஒருவர் கடந்துபோகத் தம்மையே பாலமாக்கும் இந்த இயல்பு பின்னால் எங்கே பயன்பட்டது என்பதை இனிக் காண்போம்.

ஈச்வரமுனிகளின் திருக்குமாரராக ஆடி உத்திராடத்தில் யமுனைத்துறைவர் அவதரித்தார். 10-ஆம் நூற்றாண்டு அது. மஹாபாஷ்ய பட்டரிடம் கல்வி பயின்ற அந்தப் பாலகரின் மேதை எவரையும் வியக்க வைத்தது. அந்நாளில் அரசவை வித்வானாகிய ஆக்கியாழ்வான், வித்வான்கள் எல்லாரும் தன் மேன்மைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஓலை அனுப்பிவந்தான். அப்படி ஓர் ஓலை பட்டரிடமும் வந்தது. அவர் கலங்கினார். பிள்ளையோ ஓலையைக் கிழித்தெறிந்தார். அரசன் ஆளனுப்பியபோது, உரிய மரியாதையோடு பல்லக்கு வந்தால் வருவதாகச் சொல்லியனுப்பினார். பல்லக்கும் வந்தது.

ஸபையில் நடந்தது நாம் எல்லாரும் கேட்டதே. பிள்ளையின் முகத்தைக் கண்ட அரசி, இவரே வெல்வார் என்று பந்தயம் கட்டினாள். பிள்ளை வென்றால் பாதி ராஜ்யம் தருவதாக அரசன் சொன்னான். பிள்ளை எதைச் சொன்னாலும் மறுக்கிறேன் என்று ஆக்கியாழ்வான் அறைகூவினான். பிள்ளை மூன்று வார்த்தைகள் சொன்னார். ஆக்கியாழ்வானின் தாய் மலடி அல்லள், அரசன் தர்மம் தவறாதவன், அரசி பதிவ்ரதை என்பவையே அவை. முதலாவதை மறுத்தால் தன் பிறப்பையே மறுப்பதாகும். மற்ற இரண்டை மறுத்தால் தலை தப்பாது. ஆக்கியாழ்வான் வாயடைத்து நின்றான். தன்னைத் தோல்வியிலிருந்து காத்து ஆள வந்தவர் என்று அரசி உகந்து அழைத்ததால் ஆளவந்தார் என்ற திருநாமம் அன்று முதல் நிலைத்தது. பாதி ராஜ்யமும் அவர் கைக்கு வந்தது.

இங்கே சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். தோற்றுப்போன பிள்ளைக்கு வழிகாட்ட எல்லாரும் வருவார்கள். வென்றுவிட்ட பிள்ளையை யார் அணுகுவார்கள்? ஆளவந்தாருக்கு மேதை இருந்தது, புகழ் இருந்தது, செல்வமும் பரிவாரமும் இருந்தன. அந்த மேதை எதற்காக வந்தது என்று நினைவூட்டும் ஒருவர் மட்டும் அருகில் இல்லை. ஆட்சிச் சுமை நாளுக்கு நாள் ஏறியது. யமுனைத்துறைவன் என்ற திருநாமத்தை எண்ணி நாதமுனிகள் எதிர்பார்த்திருந்ததும், அவருக்காக ஒரு நிதி காத்திருப்பதும் அவர் நினைவுக்கு எட்டாத தொலைவுக்குப் போயின.

மறுபக்கம் மணக்கால் நம்பிக்கு வயது ஏறிக்கொண்டே இருந்தது. ஆசார்யரின் நியமனம் அவர் தலைமேல் இருந்தது. தாமும் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டால், நாதமுனிகள் பேரனுக்கென்று விட்டுச்சென்ற அர்த்தங்கள் அவரைச் சேராமலே போய்விடும். அரண்மனைக்குப் போனார். கட்டும் காவலுமாக இருந்த அந்த வாசலில் ஏழை வைஷ்ணவருக்கு வழி கிடைக்கவில்லை.

வேறொருவராயிருந்தால் வாசலில் நின்று, நாதமுனிகளின் பேரன் இப்படி இருக்கலாமா என்று உரக்கக் கேட்டிருக்கலாம். ஓலையில் எழுதிக் கண்டித்திருக்கலாம். நம்பி செய்தது வேறு. வாதத்தில் எவரையும் வெல்லும் ஒருவரிடம் வாதத்தால் நுழைய முடியாது என்பதை அறிந்தவர்போல, மடைப்பள்ளிப் பக்கம் போனார். ஆசார்யர் திருமாளிகையில் அவர் பழகிய இடமும் அதுதானே. அங்கே பரிசாரகரிடம் பேச்சுக் கொடுத்து, அரசர் எதை விரும்பி அமுது செய்கிறார் என்று விசாரித்தார். தூதுவளைக் கீரை என்று தெரிந்தது.

தூதுவளை வேலியோரம் படரும் கொடி. தண்டில் முள், இலையிலும் முள். ஒரு வேளைக் கறியமுதுக்கு வேண்டிய இலையைக் கையில் கீறல் படாமல் பறிப்பது அரிது. பறித்தபின் ஒவ்வோர் இலையாக முள் நீக்கி ஆய வேண்டும். முதிய வயதில் நம்பி தினமும் அந்தக் கீரையைத் தேடிப் பறித்துக்கொண்டு வந்து மடைப்பள்ளியில் சேர்த்தார். இப்படி ஆறு மாத காலம் சென்றது என்கிறது குருபரம்பரை. இந்த ஆறு மாதத்தில் அவர் ஆளவந்தாரைப் பார்க்கவும் இல்லை. தம் பெயரைச் சொல்லி அனுப்பவும் இல்லை.

ஸத்வ குணத்தை வளர்ப்பது என்று இக்கீரையைப் பெரியோர் கொண்டாடுவர். அரசர் அதை உகந்து அமுது செய்துவந்தார், யார் தந்தது என்று கேட்காமலே. அன்பு தினமும் வரும்போது அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றாது. அது நிற்கும்போதுதான் கேள்வி எழும். நம்பி ஒருநாள் நிறுத்திவிட்டார். தொடர்ந்து சில நாள்கள் போகவில்லை.

ஆளவந்தார் இலையைப் பார்த்தார். கீரை ஏன் இல்லை என்று கேட்டார். முதிய வைஷ்ணவர் ஒருவர் நாள்தோறும் கொண்டுவந்து கொடுத்தார் என்றும், இப்போது சில நாள்களாக வரவில்லை என்றும் பரிசாரகர் விண்ணப்பித்தார். ஒன்றும் வேண்டாமல் ஒருவர் ஆறு மாதம் கீரை சுமந்தார் என்பது அரசருக்கு வியப்பாயிருந்தது. அவர் மீண்டும் வந்தால் தம்மிடம் அழைத்துவரும்படி கட்டளையிட்டார். பூட்டியிருந்த வாசல் உள்ளிருந்து திறந்தது.

நம்பி வந்தார். ஆளவந்தார் ஆஸனமிட்டு உபசரித்தார். பொருள் வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று கேட்டார். தமக்கு ஒன்றும் வேண்டாம் என்றும், கொடுப்பதற்கே வந்திருப்பதாகவும் நம்பி தெரிவித்தார். ஆளவந்தாரின் முன்னோர் சேர்த்துவைத்த நிதி ஒன்று தம்மிடம் இருக்கிறது. அதை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை தாம் வந்துபோகக் காவலர் தடுக்காதிருக்க வேண்டும். இவ்வளவே அவருடைய விண்ணப்பம்.

இதில் அடங்கியுள்ள நயத்தைக் காண வேண்டும். உம்மிடம் குறை இருக்கிறது, திருத்த வந்தேன் என்று அவர் சொல்லவில்லை. உம்முடையது ஒன்று என்னிடம் இருக்கிறது, பெற்றுக்கொள்ளும் என்றார். கண்டிப்பவரிடம் மேதாவியான இளையவர் வாதாடுவார். தம் சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் எதை வாதாடுவது? அவ்வாறு சொன்னது உபாயத்துக்காகக் கட்டிய கதையும் அன்று. அந்த நிதி உண்மையாகவே அவருடையது. அது அவர் பிறப்பதற்கு முன்பே அவர் பேருக்கு எழுதிவைக்கப்பட்டது.

காவல் விலகியது. நம்பி நாள்தோறும் வந்து ஸ்ரீபகவத்கீதையின் பதினெட்டு அத்தியாயங்களின் அர்த்தத்தையும் படிப்படியாகச் சொல்லி வந்தார். கேட்கக் கேட்க ஆளவந்தாரின் உள்ளம் மாறியது. ராஜ்யத்தில் இருந்த ருசி குறைந்தது. கீதை சொல்லும் அந்தப் பரமனை அடைவது எப்படி என்ற தவிப்பு பிறந்தது. வாத ஸபையில் எதிரியை மடக்கக் கேள்வி கேட்டவர், இப்போது தம் உஜ்ஜீவனத்துக்காகக் கேட்டார். அந்தக் கேள்வி வரும்வரை காத்திருந்த நம்பி, அப்போதுதான் சரம ச்லோகத்தின் பொருளை உபதேசித்து, எம்பெருமான் திருவடிகளே உபாயம் என்று காட்டினார்.

பிறகு நிதியைக் காட்டும் நாள் வந்தது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே, மதில்களுக்குள்ளே, பாம்பு காத்துக்கொண்டிருக்க அந்த நிதி இருக்கிறது என்று நம்பி சொல்லியிருந்தார். ஆளவந்தார் பரிவாரங்களை விட்டு அவர் பின்னே நடந்தார். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, திருவரங்கத்தின் மதில்களைக் கடந்து சந்நிதிக்குள் அழைத்துச்சென்று, திருவனந்தாழ்வான்மேல் பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாளைக் காட்டி, பாட்டனார் வைத்துப்போன நிதி இதுவே என்றார் நம்பி. திருவடி முதல் திருமுடி வரை ஸேவித்த ஆளவந்தார் திரும்பிப் போகவில்லை. ராஜ்யத்தைத் துறந்து, ஸந்யாஸாச்ரமம் ஏற்று, திருவரங்கத்திலேயே தர்சனத்தை நிர்வஹித்தார். தம் கடமை நிறைவேறிய த்ருப்தியோடு மணக்கால் நம்பி பின்பு திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

நாதமுனிகள் விட்டுச்சென்ற மற்றொரு நிதியும் உண்டு என்று முன்பே கண்டோம். நம்பியின் நியமனப்படி ஆளவந்தார் குருகைக்காவலப்பனிடம் சென்றார். சுவருக்குப் பின்னால் சத்தமின்றி நின்றார். யோகத்தில் எம்பெருமானை அநுபவித்துக்கொண்டிருந்த அப்பன், சொட்டைக் குலத்தார் யாரேனும் வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். எம்பெருமான் தம் தோளுக்கு மேலாக நாதமுனிகளின் குலக்கொழுந்தை எட்டிப் பார்த்ததைக் கண்டே அவர் அவ்வாறு கேட்டாராம். யோக ரஹஸ்யத்தை உபதேசிக்க ஒரு நாளும் முஹூர்த்தமும் குறித்து ஓலை கொடுத்து அனுப்பினார். காலம் சென்றது. அரையர் ஸேவையில் திருவனந்தபுரத்துப் பாசுரம் கேட்டு, அதையே தமக்கு நியமனமாகக் கொண்டு, ஆளவந்தார் அந்தத் திவ்யதேசத்துக்கு எழுந்தருளினார். அங்கே ஓலையைப் பார்த்தபோது, குறித்த நாள் அன்றே என்பது தெரிந்தது. போய்ச் சேர வழியில்லை. யோக ரஹஸ்யம் அத்தோடு உலகுக்கு எட்டாமல் போயிற்று.

இதில் எவரிடமும் குறை காண்பதற்கில்லை. எம்பெருமான் திருவுள்ளம் அப்படி. ஆயினும் இரண்டு நிதிகளும் நம் நெஞ்சில் அருகருகே நிற்கின்றன. குறித்த ஒரு நாளில் வாங்கியிருக்க வேண்டிய நிதி நழுவியது. நாள்தோறும் கீரை சுமந்து வீடு தேடி வந்த நிதி நமக்குக் கிடைத்தது. மேதை உள்ளவர்களுக்கும் நினைவு தப்பும், வேளை தவறும். அவர்களைத் தேடிப் போகிறவர் ஒருவர் இல்லாவிட்டால் இழப்பு அவர்களோடு நிற்பதில்லை, பின்னால் வரும் அனைவரையும் சேர்கிறது.

நம்பியின் முயற்சி வீண்போகவில்லை என்பதற்கு ஆளவந்தாரின் க்ரந்தங்களே ஸாக்ஷி. அரண்மனையில் கேட்ட கீதார்த்தம் முப்பத்திரண்டு ச்லோகங்கள் கொண்ட கீதார்த்த ஸங்க்ரஹமாக மலர்ந்தது. எம்பெருமானார் அதன் வழியிலேயே கீதா பாஷ்யம் அருளினார். ஸ்வாமி தேசிகன் அதற்கு ரக்ஷை செய்தருளினார். ஆகம ப்ராமாண்யமும் ஸித்தி த்ரயமும் வாதத் திறமையின் விளைவு. ஆக்கியாழ்வானை வெல்லப் பயன்பட்ட அதே கூர்மை இப்போது ஸித்தாந்தத்தைக் காக்கப் பயன்பட்டது. நம்பி அந்த மேதையை மாற்றவில்லை, அது எதற்கு உரியதோ அதற்கு ஆக்கிவைத்தார். பிராட்டி விஷயமான சதுச்லோகியும், ஸ்தோத்ர ரத்னமும் அந்த உள்ளம் எவ்வளவு கனிந்தது என்பதைக் காட்டும். ஸ்தோத்ர ரத்னத்தின் முடிவில் அவர் கேட்பது, தம் நடத்தையைப் பாராமல் பிதாமஹரான நாதமுனிகளைப் பார்த்து அருள வேண்டும் என்பதே. பாதி ராஜ்யத்தைத் தம் திறமையால் வென்றவர், பேற்றுக்குத் தம் திறமை ஒன்றையும் சொல்லிக்கொள்ளவில்லை.

தாம் பெற்றதை அவர் மறக்கவும் இல்லை. முதிய வயதில் காஞ்சிபுரத்துக்கு எழுந்தருளியபோது, தேவப்பெருமாள் கோயிலில் கரியமாணிக்கப் பெருமாள் சந்நிதி அருகே, யாதவப்ரகாசரின் மாணவர்கள் நடுவே ஓர் இளைஞரைக் கண்டார். ஆசிரியர் சொல்லும் அர்த்தம் மனத்துக்கு ஒவ்வாமல், விட்டுப் போகவும் வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த இளையாழ்வார் அவர். தர்சனத்துக்கு இவரே முதல்வராவார் என்று ஆளவந்தார் திருவுள்ளம் பற்றினார். ஆனால் அருகே சென்று அழைக்கவில்லை. தேவப்பெருமாளிடம் அவருக்காகப் ப்ரார்த்தித்துத் திருவரங்கம் திரும்பினார். உரிய காலத்தில் பெரிய நம்பியை அனுப்பினார். இளையாழ்வார் வந்து சேர்வதற்குள் ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். சரம திருமேனியில் மடங்கியிருந்த மூன்று திருவிரல்களைக் கண்டு, அவருடைய மூன்று மனோரதங்களையும் நிறைவேற்றுவதாக இளையாழ்வார் ப்ரதிஜ்ஞை செய்தார். இருவரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆயினும் பெரிய நம்பி, திருக்கோஷ்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப்பெருமாள் அரையர், பெரிய திருமலை நம்பி ஆகிய ஐவரிடமும் ஆளவந்தார் பிரித்துவைத்த அர்த்தங்கள் அனைத்தும் எம்பெருமானாரைச் சேர்ந்தன. பாட்டனார் தமக்குச் செய்ததையே அவர் பின்வருபவருக்குச் செய்தார்.

நம் வீடுகளிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உலகின் எந்த மூலையிலோ நல்ல உத்யோகத்தில், கதவை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களுக்கு எதைச் சொல்வது என்று நாம் யோசிக்கிறோம். எதை உகந்து உண்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறோமா? ஆறு மாதம் பதில் எதிர்பாராமல் அதைச் செய்ய நம்மால் ஆகுமா? அவர்களே கேட்கும் நாள் வரும்போது கையில் கொடுப்பதற்கு, பாட்டனார் வைத்த நிதியை நாம் முதலில் கற்றுப் பாதுகாத்து வைத்திருக்கிறோமா? கடைசிக் கேள்வி அடியேனையே மிகவும் சுடுகிறது.

ஆடி உத்திராடத்தில் ஆளவந்தாரைக் கொண்டாடும்போது திருமடைப்பள்ளியில் தூதுவளை சமைக்கும் இல்லங்கள் பாக்யம் செய்தவை. அந்த இலையில் முள் நீக்கும்போது, பறித்துக் கொணர்ந்த முதிய கைகளையும் நினைப்போம்.

ஆளவந்தார் திருவடிகளே சரணம்
மணக்கால் நம்பி திருவடிகளே சரணம்

அடியேன் ராமாநுஜ தாஸன்